வாடகைக் கார் மோதினால் இன்சூரன்ஸ் வருமா? நாம் செய்யும் தவறுகள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் திருநெல்வேலியில் வாடகைக்குக் கார் கிடைப்பதே பெரும்பாடு. சாவியை வாங்கும் அவசரத்தில் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்போம்: "இன்சூரன்ஸ் இருக்குல்ல?" இருக்கும். யாருக்கு, எதற்கு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். செல்ஃப் டிரைவ், அதாவது டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டும் வாடகைக்கென்று பதிவான வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டி, அதாவது ஓன் போர்டு, சொந்த உபயோகத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தது. வாடகைக்கு விட்டால் செல்லாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். தெரிந்தவர் வண்டி, வாடகையும் குறைவு என்று எடுத்துப்போய் ஆலங்குளம் பக்கம் மோதினால், வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அடிபட்டவருக்கு நஷ்டஈட்டை முதலில் கம்பெனி கொடுத்தாலும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிப்பது உண்டு. அவர் நேரே உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

அடுத்தது, அக்ரிமென்டில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது. இதில் நான் பட்டிருக்கிறேன். என் பெயரில் எடுத்த வண்டியை, தூக்கம் வருகிறதென்று பாவூர்சத்திரம் தாண்டி மச்சானிடம் கொடுத்தேன். ஆட்டுக்கிடை குறுக்கே வர, அவர் பிரேக் அடித்துப் புளியமரத்தில் உரசிவிட்டார். ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றுமில்லை. வண்டி கொடுத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓட்டினது யாரு?" மச்சானிடம் லைசென்ஸ் இருந்தது, அக்ரிமென்டில்தான் பெயர் இல்லை. டெபாசிட் முழுவதும் போய், மேலும் கைக்காசு கொடுத்தோம். இரண்டாவது ஆள் பெயரையும் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மோதிய இடத்திலேயே பேசி முடிப்பதுதான் பெரிய ஆபத்து. பைக்கில் வந்தவர், "அண்ணாச்சி, ஐநூறு ரூவா குடுங்க, போயிருதேன்" என்பார். அன்று ராத்திரி கால் வீங்கிவிடும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் அவர் நஷ்டஈடு கேட்டு மனுப் போடலாம். அப்போது உங்கள் கையில் ஒரு ஆதாரமும் இருக்காது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்வதும் சட்டப்படி ஓட்டியவரின் கடமை. வண்டிக்காரருக்கும் உடனே சொல்லி, அவர் மூலம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் போகச் செய்யுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் தெரிந்த பட்டறையில் டிங்கரிங் செய்துவிட்டால், கிளைம் அதோடு போச்சு. குடித்துவிட்டு ஓட்டியிருந்தாலும் அப்படித்தான்.

கிளைம் கிடைத்தாலும் முழுத்தொகை வராது. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு, சாதாரண பாலிசியில் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகையை அந்த பாலிசி தராது. அதை உங்களிடம் கேட்கலாமா என்பது அக்ரிமென்டைப் பொறுத்தது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. பாலிசியில் போட்டிருக்கும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு. வாடகைக்கு எடுத்து ஓட்டும் உங்களுக்கு அது இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் தன் பெயரில் தனி விபத்துப் பாலிசி ஒன்று எடுத்து வையுங்கள். வண்டியில் வருகிறவர்களுக்குக் காப்பீடு உண்டா என்பதையும் சாவி வாங்குமுன் பாலிசித் தாளைக் காட்டச் சொல்லியே பாருங்கள்.