அரிய எலெக்ட்ரிக் கிட்டார்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் மனதில் நிறுத்துவது எப்படி

"தம்பி, இந்த மாடலில் மொத்தமே ஐம்பதுதான் செய்தார்கள்" என்று டர்பனில் ஒரு கடைக்காரர் சொன்னார், நானும் நம்பி வாங்கிவிட்டேன். நான்கு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பாகம்) வைத்த பழைய ஜப்பான் கிட்டார் அது. மூன்று மாதம் கழித்து டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு கல்யாணத்தில் வாசித்த இசைக்குழுவிடம் அதே கிட்டார், அதற்கு அடுத்த வாரமே மாமா ஒருவர் வீட்டுப் பரண்மேல் இன்னொன்று. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். யாராவது ஓர் எண்ணிக்கையைச் சொன்னால் அங்கேயே நின்று சரிபார்க்கும் அளவுக்கு எனக்கு மனப்பாடமாக வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதற்கு நான் கையாண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் பயனில்லை, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும். நான் மூன்று சொற்கள் வைத்திருக்கிறேன்: பேரேடு, முத்திரை, வாய்க்கணக்கு. தொழிற்சாலை அனுப்பிய சரக்கின் பதிவு இருந்தால் அது பேரேடு. கிட்டாரிலேயே குத்திய வரிசை எண்களை வைத்து எண்ணியது என்றால் முத்திரை. செய்தவரோ கூட வேலை பார்த்தவரோ பின்னாளில் நினைவிலிருந்து சொன்னது வாய்க்கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இந்த மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் செய்த ஃப்ளையிங் வி கிட்டாரை எடுத்துக்கொள்வோம். பேரேட்டின்படி 1958இல் 81, 1959இல் 17, ஆக 98. ஒன்பதொன்பது எண்பத்தொன்று என்று சின்ன வயதில் படித்த வாய்ப்பாடு முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளும், மொத்தம் நூற்றுக்கு இரண்டு குறைச்சல் என்று நினைத்தால் பதினேழு தானாக வந்துவிடும். அதோடு பிறந்த எக்ஸ்ப்ளோரருக்கு வழக்கமாகச் சொல்லும் எண் 22, அதாவது முதல் வருஷம் 19, மறுவருஷம் 3. டர்பன் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் இரண்டு அணியும் சேர்ந்து இருபத்திரண்டு பேர், ஆடுகளத்தின் நீளமும் 22 கெஜம், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது மறக்கவே மறக்காது. ஆனால் மிச்சமிருந்த கட்டைகளையும் பாகங்களையும் வைத்து 1963 வாக்கில் கிப்சன் இன்னும் சிலவற்றைக் கோத்து அனுப்பியது, அவை இந்தக் கணக்குக்கு வெளியே. அதனால் என் நோட்டில் "98, பேரேடு, மிச்சக்கட்டை தனி" என்றுதான் இருக்கும்.

பேரேடு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கிப்சனின் லெஸ் பால் கிட்டாருக்கு 1958இல் 434, 1959இல் 643, 1960இல் 635 என்று பதிவு, கூட்டினால் 1,712. எல்லாமே சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருத்த பூச்சு) என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு, ஆனால் 1958 கணக்கில் அந்த வருஷத்துத் தங்கநிற கிட்டார்களும் சேர்ந்தே இருக்கின்றன.

சரி, இனி மற்றவை. இவற்றுக்கு நான் என் வீட்டையே பயன்படுத்துகிறேன். 1960களில் நகராட்சி கட்டிக்கொடுத்த டர்பன் சாட்ஸ்வொர்த் வீடு, ஒட்டிய சுவர், சின்ன வாசல், பின்னால் கொஞ்சம் இடம். நீங்கள் உங்கள் வீட்டைப் பயன்படுத்துங்கள், அடுத்தவர் வீடு வேலைக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நுழையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிட்டாரை வையுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு பலகைத் துண்டு சாய்ந்திருக்கிறது. அதுதான் லா பே டூ பை ஃபோர். விஸ்கான்சினில் கிரீன் பே நகரத்தைச் சேர்ந்த டேன் ஹெலண்ட் யோசித்தது, கன்சாஸில் நியோடெஷா என்ற ஊரில் செய்தது, ஆண்டு 1967. உடம்பு என்று ஒன்றும் கிடையாது, கட்டடத்துக்கு வாங்கும் மரச்சட்டம் மாதிரி நீளமாக ஒரு கட்டை, அதில் கழுத்தும் பிக்கப்பும். சிகாகோ வணிகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், யாரும் வாங்க முன்வரவில்லை. மொத்தம் 45. பலகைக்குப் பக்கத்தில் அப்பாவின் பழைய ரெக்கார்ட் பிளேயர் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றுவதாகக் கற்பனை செய்யுங்கள், முடிந்தது. எனக்கு இந்தக் கிட்டார்மேல் தனிப் பிரியம். தேவையில்லாததை எல்லாம் கழித்தால் கிட்டாரில் என்ன மிஞ்சும் என்று ஒருத்தர் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்.

சமையலறைக்குப் போனால் அடுப்பில் வாணலி. ரிக்கன்பேக்கரின் ஃப்ரையிங் பேன், எலெக்ட்ரிக் கிட்டார் வரலாறே இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1932 முதல் 1939 வரை சுமார் 2,700. வார்ப்பு அலுமினியம், மடியில் படுக்கவைத்து வாசிப்பது, மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி நகர்ந்துவிடும். இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நூறு என்று வாணலிக்குள் பொரியப் போடுங்கள்.

சுவரில் பஞ்சாங்கம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம், ஆலன் கிட்லர் நியூயார்க்கில் தன் கையால் செய்ததும் 60. மரமே இல்லாத கிட்டார், எஃகுக் கம்பிகள் மட்டும், மீன் முள்ளை நிமிர்த்திவைத்த மாதிரி இருக்கும், நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. பின்னாளில் இஸ்ரேலில் செய்தவை இந்த அறுபதில் சேராது.

அதே சுவரில் நாட்காட்டி. லீப் நாட்களை விட்டால் பத்து வருஷத்து நாட்கள் 3,650. டிராவிஸ் பீன் 1974 முதல் 1979 வரை கலிஃபோர்னியாவில் செய்த அலுமினியக் கழுத்து கிட்டார்களும் பேஸ்களும் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான். இது முத்திரை வகை. ஒரே ஒரு முறை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓர் அண்ணன் வீட்டில் கையில் எடுத்துப் பார்த்தேன். ஜூலை மாதக் காலை, கழுத்தைத் தொட்டதும் குழாய்த் தண்ணீரில் கை வைத்தது போல ஜில்லென்று இருந்தது, ஐந்து நிமிஷம் வாசித்தபிறகு என் கைச்சூட்டுக்கு வந்தது. தலைப்பகுதியில் ஆங்கில டி எழுத்து வடிவத்தில் ஓட்டை வெட்டியிருந்தது, அங்கேயே எண்ணும் குத்தியிருந்தது. "அண்ணே, நம்பரை எழுதிக்கட்டுமா?" என்றேன். "எழுதிக்கோ, யார் வீட்டில் இருக்கு என்று மட்டும் சொல்லாதே" என்றார்.

பூஜை அறையில் திருமூலர். மூவாயிரம் பாட்டு, அப்படியே மைக்ரோஃப்ரெட்ஸ். மேரிலாந்தில் ஃப்ரெடரிக் நகரத்தில் 1960களின் கடைசியில் தொடங்கி 1970களின் நடுவில் மூடிய சின்ன நிறுவனம், செய்தது சுமார் மூவாயிரம். ஒவ்வொரு தந்தியின் சுருதியையும் கழுத்தின் மேல்முனையிலேயே தனித்தனியாகச் சரிசெய்யும் அமைப்பு அவர்களுடையது, நல்ல யோசனை.

கொல்லைப்புறத்தில் ஒரு கறுப்புக் காட்டெருமை நிற்கிறது, அது இங்கிலாந்தின் பர்ன்ஸ் பிளாக் பைசன். 1961இல் வந்த நான்கு பிக்கப் வடிவம் ஐம்பது வாக்கில்தான். அப்புறம் வந்த மூன்று பிக்கப் வடிவமும் அதே பெயரில்தான் விற்றது, அதனால் எண்ணிக்கை சொல்லும் முன் பிக்கப்பை எண்ணுங்கள். என்னை ஏமாற்றிய "ஐம்பது" எங்கிருந்து வந்திருக்கும் என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

வாய்க்கணக்குக்கு வீட்டில் இடம் கொடுக்காதீர்கள், தெருவில் வையுங்கள். ஃப்ளோரிடாவில் ஜான் வெலெனோ 1970களில் முழு அலுமினியத்தில் குடைந்து செய்தவற்றை இருநூறுக்குள் என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். துல்லியமாக ஓர் எண்ணை ஒட்டினால் நாளைக்கு நீங்களே அதைப் பேரேடு போலச் சொல்லிக்கொண்டு திரிவீர்கள்.

வீட்டுச் சுற்றை முதல் நாள் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை. நான் டவுனுக்குப் போகும் டாக்ஸியில் சொல்லிப் பார்ப்பேன். பிறகு தலைகீழாக, எண்ணைச் சொன்னால் கிட்டார் வர வேண்டும். 45? பலகை. 60? மீன் முள். 22? எக்ஸ்ப்ளோரர்.

இன்னொன்று, இது எலெக்ட்ரிக் இல்லை, ஆனாலும் டர்பன்காரனாக எழுதாமல் விட முடியாது. 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலில் பதினாறு வயது ஜான் லெனன் மேடையில் பிடித்திருந்தது கேலோடோன் சாம்பியன், தென்னாப்பிரிக்காவில் கேலோ நிறுவனம் செய்த மலிவு விலை கிட்டார், உள்ளே "பிளக்காது என்று உத்தரவாதம்" என்று சீட்டு ஒட்டியிருக்கும். நம் பக்கத்து வீடுகளில் அலமாரிமேல் இன்னும் இவை கிடக்கும், துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் சீட்டு தெரியும். பார்த்தால் படம் எடுங்கள், சீட்டில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதுங்கள், எந்த வருஷம் யார் வாங்கியது என்று அந்த வீட்டு ஆயாவிடம் கேட்டு, பக்கத்தில் "வாய்க்கணக்கு" என்று குறித்துவிடுங்கள்.