வீட்டு கம்ப்யூட்டரில் ரெய்டு 1: ஒரு டிஸ்கைப் பிடுங்கிப் பார்க்கும் வரை வேலை முடியவில்லை

பெரம்பூரில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஆல்பம் கொடுத்து மூன்று வருடம் கழித்து, "அக்கா, தாத்தா படம் மட்டும் பெரிசா வேணும், அவர் போய்ட்டார்" என்று போன் வரும். அப்போது "டிஸ்க் போயிடுச்சு" என்று சொல்ல முடியாது. அதனால் நான் பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் ரெய்டு 1 ஓடுகிறது. ரெய்டு என்றால் பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை. 1 என்பது 'மிரர்', அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்.

0, 5 என்று வேறு வகைகளும் உண்டு. 1988-ல் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரையில் 1 முதல் 5 வரைதான் எண்கள். 0 பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதில் வேகம் உண்டு, பாதுகாப்பு கிடையாது. 5-க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். வீட்டுக்கு 1 போதும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்முன் உங்கள் மதர்போர்டு கையேட்டைப் புரட்டுங்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. போட்டால் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாது. பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரண்டு சாட்டா பவர் முனை காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் வாங்கும்போது "சி.எம்.ஆர். தானே?" என்று கேளுங்கள். சி.எம்.ஆர். டிஸ்கில் தகவல் தடங்கள் தனித்தனியாக இருக்கும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் எஸ்.எம்.ஆர். வகை, தொடர்ந்து எழுதும்போது திணறும். செத்த டிஸ்குக்குப் பதில் புதிதாக ஒன்றைப் போட்டு முழுத் தகவலையும் நிரப்புகிற நேரத்தில் அது பெரிய தொல்லை. சீகேட் அயன்வுல்ஃப், டபிள்யூ.டி. ரெட் பிளஸ் இரண்டும் சி.எம்.ஆர். 'பிளஸ்' என்ற சொல் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"ரெண்டும் ஒரே பேட்ச்ல தரேன்மா, ஜோடியா இருக்கும்" என்பார் கடைக்காரர். வேண்டாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்தவை ஒரே குறையோடும் வந்திருக்கலாம். கொள்ளளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். தயாரிப்புத் தேதி வேறாக இருப்பது நல்லது, கம்பெனியே வேறானாலும் பாதகமில்லை.

கேபினட்டில் மாட்டும்முன் ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளைப் பேப்பர் டேப்பில் எழுதி, வெளியே தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். ஒன்று பழுதாகும்போது எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று அந்த டேப்தான் சொல்லும். பதற்றத்தில் நல்லதைக் கழற்றிவிட்டால் கதை கந்தல். இரண்டுக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். முன்னால் ஒரு ஃபேன் அவசியம். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் டிஸ்க் எளிதாக 50 டிகிரியை நெருங்கும்.

கம்ப்யூட்டர் தொடங்கும்போது நுழையும் பயாஸ் செட்டிங்ஸில் 'ரெய்டு' என்று ஒரு வசதி கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள், வழக்கமான சாட்டா மோடான ஏ.எச்.சி.ஐ.யாகவே விடுங்கள். மாற்றினால் ஏற்கெனவே போட்ட விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். அதோடு, நாளைக்கு போர்டு செத்தால் அதே வகை போர்டைத் தேடி அலைய வேண்டிவரும். விண்டோஸே செய்யும் மிரர், வேறு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்கும்.

அடுத்து, டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் டிஸ்க் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். புது டிஸ்கென்றால் பூஜ்யம் அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் பில்லோடு கடைக்குத் திரும்புங்கள்.

இப்போது மிரர் போடலாம். யு.எஸ்.பி. டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். அவையும் பட்டியலில் வந்து நிற்கும், தவறி டிக் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். தேடலில் 'மேனேஜ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்று தட்டி, புது பூல் (டிஸ்குகளின் தொகுப்பு) உருவாக்கச் சொல்லி, இரண்டு டிஸ்கையும் தேர்ந்தெடுங்கள். ரெசிலியன்ஸி என்ற இடத்தில் 'டூ-வே மிரர்'. இரண்டு 4 டி.பி. டிஸ்க் என்றால் பூல் 7.27 டி.பி. என்று காட்டும், உங்களுக்குக் கிடைப்பது 3.63 டி.பி. அளவுப் பெட்டியில் அதைவிடப் பெரிய எண்ணைப் போட்டாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும் வித்தை அது. வந்த எண்ணையே விடுங்கள். டிரைவ் எழுத்து ஒன்று கொடுத்து உருவாக்கினால் சில நொடிகளில் டிரைவ் தயார்.

பலர் இத்தோடு எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் உட்காருங்கள். வேறு இடத்திலும் நகல் உள்ள சில படங்களைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கம் எச்சரிக்கை காட்ட வேண்டும். படங்கள் வழக்கம்போல் திறக்க வேண்டும். டேப்பில் எழுதிய எண்ணும் திரையில் காணாமல் போன டிஸ்கின் எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். அப்புறம் அணைத்து, கேபிளை மாட்டி, பூல் முழுதும் 'ஓகே' என்று வரும் வரை விடுங்கள். அதற்குப் பிறகே இரண்டாவது டிஸ்கில் இதே சோதனை. இடையில் அவசரப்பட்டால் இரண்டு டிஸ்கிலும் வெவ்வேறு பாதி நிலைமை இருக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மிரரும் குழம்பும். சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் யு.பி.எஸ். மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால்தான் கம்ப்யூட்டர் அணையாமல் தாவும். கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் என்ன செய்தன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மிரர் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடவும் கூடாது. நீங்கள் தவறுதலாக அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினாலும் இரண்டையும் பூட்டும். முடித்த வேலைகளை ஒரு யு.எஸ்.பி. டிஸ்கில் ஏற்றித் தாம்பரத்தில் அம்மா வீட்டு பீரோவில் வைக்கிறேன்.

ஒரு டிஸ்க் நிஜமாகவே செத்தால், அதே அளவோ பெரிதோ ஆன புது டிஸ்கை மாட்டி, பூலில் 'ஆட் டிரைவ்ஸ்' கொடுங்கள். ரிப்பேர் முழுதும் முடிந்தபின் பழையதை 'ரிமூவ்' செய்யலாம். வாரன்டிக்கு அனுப்பும்முன், அது கொஞ்சமாவது ஓடுகிறது என்றால் முழுதாக அழித்துவிடுங்கள். உள்ளே இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம்.