மலைநாட்டில் குடியேற ஊர் தேடுகிறீர்களா? மழை மாதத்தில் போய்ப் பாருங்கள்

ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா போய்வந்த கையோடு "இங்கேயே வந்து இருந்துவிடலாம்" என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் நிறைய. ஏப்ரலில் எந்த மலையூரும் நல்ல ஊர்தான். பூ பூத்திருக்கும், எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள். ஆனால் அந்த மாதத்தில் நுவரெலியாவில் கேட்கிற வாடகையும் உண்மையான வாடகை அல்ல, பார்க்கிற ஊரும் உண்மையான ஊர் அல்ல.

ஊரைத் தேர்ந்தெடுக்கப் போக வேண்டியது அது மிகவும் கஷ்டப்படும் மாதத்தில். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடங்கள். அங்கே ஜூன், ஜூலையில் போங்கள். பதுளை, பசறை, லுணுகலை கிழக்குச் சரிவு. வடகீழ் மழை டிசம்பரில் அங்கேதான் கொட்டும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஹட்டனில் குடை மடக்க நேரமில்லாத ஜூலை, ஓகஸ்டில் இந்த ஊர்கள் இருக்கும் ஊவா மாகாணத்தில் காய்ந்த காற்று வீசும், ஊற்று வற்றும். அங்கே தண்ணீரைச் சோதிக்க வேண்டிய மாதங்கள் அவைதான்.

குறைந்தது ஐந்து இரவாவது தங்குங்கள். ஹோட்டல் வேண்டாம், ஒரு அறையை வாடகைக்கு எடுங்கள். அந்த ஐந்து நாளில் ஒரு பாடசாலை நாள், ஒரு ஞாயிறு, முடிந்தால் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிய ஒரு நாள் அடங்கட்டும். தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்கள் அவை. வங்கி வாசலிலும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் ஊர் முழுக் கூட்டத்தோடு எப்படி நடக்கிறது, கடைக்காரர் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியும். அவரிடம் மரியாதையாகப் பேசும் ஊர் உங்களிடமும் அப்படித்தான் பேசும்.

முதலில் மண், பிறகு மனிதர்

வரவேற்பைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல அயலவர் இருந்தாலும் சரியும் மண்ணில் வீடு எடுக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகம் முழுவதையும் குலைத்துப்போட்டது. இரண்டும் பருவமழைக்கு இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்தவை. அந்த மாதங்களில் எந்தச் சரிவும் தப்பாது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மலையக மாவட்டங்களில் அலுவலகங்கள் உண்டு. வீட்டின் சரியான இடத்தைச் சொல்லி, மண்சரிவு அபாய வரைபடத்தில் அது எந்த வலயத்தில் வருகிறது என்று கேளுங்கள். புதிதாகக் கட்டுவதாக இருந்தால், பிரதேச சபை அனுமதிக்கு அவர்களுடைய மதிப்பீட்டு அறிக்கை எப்படியும் தேவைப்படும். அதைக் காணி வாங்கிய பிறகு எடுக்காமல், முற்பணம் கொடுக்க முதலே எடுங்கள்.

வரைபடம் ஒருபக்கம் இருக்க, வீட்டைச் சுற்றி நீங்களே ஒருமுறை நடங்கள். பெரும்பாலான மலையக வீடுகளில் ஆபத்து குசினிக்குப் பின்னால்தான் இருக்கிறது. இடம் போதாமல் மேட்டை வெட்டி, அந்தச் செங்குத்து மண்ணோடு ஒட்டிச் சுவர் எழுப்பியிருப்பார்கள். மேட்டின் உயரத்தை விடச் சுவருக்கும் மேட்டுக்கும் இடைவெளி குறைவு என்றால் வேறு வீடு பாருங்கள். தாங்குசுவர் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் குழாய்த் துளைகளைப் பாருங்கள். மழையில் அவற்றிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால் நல்லது. சொட்டே இல்லையென்றால் துளை அடைபட்டிருக்கிறது. தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, சுவரை முன்னால் தள்ளும். சேறாக வந்தால் உள்ளேயிருக்கும் மண் கரைந்துகொண்டிருக்கிறது. மேட்டிலுள்ள மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் அந்த மண் பல வருடங்களாக மெல்ல நகர்கிறது. நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், திடீரென்று மூட முடியாமல் இறுகிப்போன கதவு எல்லாம் அதே கதைதான். புதிதாகப் பூசிய சுவரைக் கண்டால் எதை மறைக்கப் பூசினார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மழைமானி வையுங்கள். கிடைக்காவிட்டால் பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது டின்னில் ஏழரைச் சென்றிமீற்றர் நிறைந்தால் விழித்திருக்க வேண்டும். 100 தாண்டினால் பையைக் கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். அதிகாரிகள் எச்சரிக்கை விடும்போது பார்க்கும் அளவுகளும் இவையே. இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, இலவச அம்புலன்ஸ் 1990. ஊரார் எந்தக் கோயில் மண்டபத்துக்கு, எந்தப் பாடசாலைக்கு ஒதுங்குவார்கள் என்பதையும் குடிபோகும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா?

தேநீர்க் கடையில் அன்பாகப் பேசுவதை வைத்து இதைக் கணிக்க முடியாது. மலையகத்தில் முகம் தெரியாதவருக்கும் தேத்தண்ணி கிடைக்கும், அது இயல்பு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இங்கே மரண உதவிச் சங்கம் இருக்கிறதா? வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாமா?" சாவீட்டுக்குப் பந்தல் போட, கதிரை கொண்டுவர, ஆட்களைச் சேர்க்க, இராத்திரி விழித்திருக்க அந்தச் சங்கம்தான் வரும். வாடகைக்காரரையும் மாதச் சந்தாவோடு சேர்த்துக்கொள்ளும் ஊர் உங்களையும் தன் ஆட்களாக எண்ணத் தயாராக இருக்கிறது. "சொந்த வீடு இருந்தால்தான்" என்றால் அந்த ஊரில் சில வருடம் காத்திருக்க வேண்டும். கோயில் கமிட்டியும் அப்படியே. திருவிழா வரியில் உங்கள் பெயர் எப்போது ஏறும் என்று கேளுங்கள்.

வாடகை பேசும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதி கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒரு வீட்டோடு முடிகிறதா, தெருவெல்லாம் அப்படியா என்று பாருங்கள். மூன்று இடத்தில் அதே கேள்வி வந்தால் பிள்ளைகளை அங்கே வளர்க்க வேண்டாம்.

இது இருபக்கமும் இருக்க வேண்டிய விடயம். கொழும்பிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களில் சிலர் தோட்டத்து மக்களை ஒரு பட்டப் பெயர் சொல்லி இளக்காரமாகப் பேசுவது இன்னும் நிற்கவில்லை. இரு நூற்றாண்டாக இந்த மலைகளில் முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் வளர்த்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள்ளே பேசினாலும் பிள்ளைகள் அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோவார்கள். அதன்பிறகு எந்த ஊரும் உங்களை வரவேற்காது.

மொழியையும் நேரில் சோதியுங்கள். கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம், பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர் இந்த நான்கு இடத்திலும் தமிழில் ஒரு சின்ன விடயம் கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. பண்டாரவளை, வெலிமடை, பதுளை கலப்பு ஊர்கள். கடைத்தெருவில் மூன்று சமூகமும் பழகியிருக்கும், ஆனால் வேலை முடிக்கச் சிங்களம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், பிள்ளைகள் ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பாடசாலை

குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஊரில் தமிழ் பாடசாலை இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது எந்தத் தரம் என்று கேளுங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும்தான். எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை டொக்டராக ஆசைப்பட்டால் இன்னும் நான்கு வருடத்தில் நீங்கள் மறுபடி வீடு மாற வேண்டிவரும். பெயர்ப் பலகையில் 1ஏபி இருந்தாலும் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்மொழி விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு மலையகத்தின் பழைய வலி. ஹட்டன் ஹைலன்ஸ், பதுளை சரஸ்வதி போன்ற பெயர்பெற்ற பாடசாலைகள் இருக்கும் டவுன்களுக்குக் குடும்பங்கள் இடம்பெயர்வதும், வாடகை ஏறுவதும் இதனால்தான்.

முதலாம் வகுப்புக்குச் சேர்க்க ஜனவரி 31க்குள் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். பிரபலமான அரச பாடசாலைகளில் வதிவிடத்துக்கான புள்ளிகளில் கணிசமான பகுதி முந்திய 5 வருட வாக்காளர் இடாப்பையும் வீட்டுப் பத்திரத்தையும் பார்த்தே கிடைக்கும். புதிதாக வந்தவருக்கு இரண்டும் இருக்காது. ஆகவே பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே குடிபெயர்ந்து, வந்த மாதமே கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது. இடை வகுப்புகளுக்கு வெற்றிடம் இருந்தால்தான் இடம். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை எடுக்க முதல் புதிய அதிபரின் ஒப்புதலைக் கையில் வாங்கிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எந்த ஊர் யாருக்கு?

ஹட்டனில் ரயில், பஸ், வங்கி, டியூசன் எல்லாம் காலடியில். பக்கத்தில் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. ஆனால் நெரிசல், ஈரம், ஏறிய வாடகை. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில், டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே வரை, வார இறுதியில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதே வசதியைக் கொஞ்சம் அமைதியோடு வேண்டுபவர்கள் கொட்டகலையைப் பார்க்கலாம். ரயில் நிலையம் உண்டு, ஹட்டனுக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஆஸ்துமாப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு நாங்கள் பண்டாரவளையைத்தான் சொல்வோம். 1,200 மீற்றரை அண்டிய உயரம், குளிர் அளவானது, சுவரில் பூஞ்சணம் குறைவு. வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்குப் பதுளை. வெப்பம் கொஞ்சம் கூட, ஆனால் பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும். மூட்டுவலிக்காரர்கள் யோசிக்கட்டும். ஹப்புத்தளையின் காற்றும் பனிமூட்டமும் இரண்டு நாளுக்கு அழகு, இரண்டு வருடத்துக்கு மனத்திடம் வேண்டும்.

வீடு, தண்ணீர், காணி

வீட்டுக்குள் மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் வெயில் விழாத வீடு அது. காலை 9 மணிக்கு வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று பார்க்க ஒருமுறை தனியாகப் போங்கள். கூரை வெறும் தகரமாக இருந்து அடியில் சீலிங் இல்லையென்றால் மழை நேரத்தில் பிள்ளை படிக்க முடியாது, அவ்வளவு சத்தம்.

தண்ணீர் சபைக் குழாயா, ஊர்த் திட்டமா, பீலித் தண்ணீரா? பீலி என்றால் ஊற்றுவரை நடந்து போய்ப் பாருங்கள். மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் தெளிக்கிற மருந்தெல்லாம் அதில்தான் இறங்கும். வறட்சி மாதத்தில் யாருக்கு முறை, எத்தனை மணித்தியாலம் என்பதையும் கேளுங்கள். புதிதாக வந்தவர் ஊராரோடு முதல் சண்டை போடுவது பெரும்பாலும் தண்ணீர் முறையால்தான்.

வாடகை ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள், வெறும் கடதாசி நிற்காது. காணி வாங்குவதை முதல் வருடம் செய்யவே வேண்டாம். வாங்கும்போது காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பத்திரம் தேடச் சொல்லுங்கள். தோட்ட நிலம் அரசுக்கு உரியது, 1992 முதல் கம்பனிகள் அதைக் குத்தகைக்கே நடத்துகின்றன. ஆகவே "தோட்டத்துத் துண்டு, தலைவர் கையெழுத்து இருக்கு" என்று யாராவது 10 பேர்ச் விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். தோட்ட வீடமைப்பில் கிடைத்த 7 பேர்ச் வீடுகளிலும், விற்கக்கூடிய உறுதி கையில் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் காட்டியே பேச வேண்டும். அரசு கொடுத்த ஜயபூமி, சுவர்ணபூமிக் காணிகளைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் அனுமதி தேவை.

குடிபோகும் நாள்

மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை சாமான் ஏற்றுவது சுலபம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை நேர அட்டவணையில் பார்க்காமல் பஸ் நிலையத்துக் கடையில் கேளுங்கள். மெத்தையையும் அரிசியையும் பொலித்தீனில் சுற்றுங்கள், காய்ந்த மாதத்திலும் பின்னேரம் மழை வரும். பெரிய லொறி மெயின் ரோட்டோடு நின்றுவிடும், தோட்டப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. டவுன்வரை லொறி, அங்கிருந்து டிமோ பட்டா என்கிற சின்ன லொறி என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அந்தப் பாதையில் தினமும் ஓடும் ஓட்டோக்காரர் ஒருவரை முதல் நாளே கூட்டிப்போய்க் காட்டினால் எந்த வளைவில் எந்த வண்டி சிக்கும் என்று அவர் சொல்லிவிடுவார்.