நியூயார்க்கின் பழைய பெர்மனென்ட் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு மறுபடி வகுப்பறைக்குப் போவது எப்படி?

போன வருஷம் அத்தைக்கு மறுபடி வேலைக்குப் போகும் ஆசை வந்தது. பிள்ளைகள் வளர்ந்து தனித்தனி ஊருக்குப் போய்விட்டார்கள், வீட்டில் பேச ஆள் இல்லை. 1996-ல் நியூயார்க் மாநிலம் கொடுத்த கணித ஆசிரியர் சான்றிதழ் பீரோவில் பாலிதீன் கவருக்குள் பத்திரமாக இருந்தது. உள்ளூர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான ஒரு "பள்ளி மாவட்ட" அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். "இந்த வகைச் சான்றிதழை இப்போது கொடுப்பதே இல்லையே" என்று மறுமுனையில் இருந்தவர் சொல்ல, அத்தை அதை "செல்லாது" என்று எடுத்துக்கொண்டு, தேர்வுக்குப் படிக்கப் புத்தகமே வாங்கிவிட்டார்!

அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆனால் வேறு சில வேலைகள் இருந்தன. கூட உட்கார்ந்து நான் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். நியூயார்க் மாநிலப் பொதுப் பள்ளிகளில் ஒரு காலத்தில் பாடம் எடுத்து, நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் போக நினைப்பவர்களுக்கு இது உதவும். மற்ற மாநிலங்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பென்சில்வேனியாவிலேயே விதி வேறு மாதிரி.

முதலில் காகிதத்தை எடுத்துப் படியுங்கள்

பலர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்க மாட்டார்கள். வகை, பாடமும் வகுப்பு வரம்பும், அமலுக்கு வந்த தேதி ஆகியவற்றைப் பாருங்கள்.

பழைய முறையில் இரண்டு படிகள் இருந்தன. முதலில் கிடைப்பது புரொவிஷனல், அதாவது தற்காலிகச் சான்றிதழ். அதற்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். அதற்குள் முதுகலைப் பட்டம் முடித்து, இரண்டு வருஷம் பாடம் எடுத்த அனுபவம் காட்டி, மாநிலம் கேட்கும் தேர்வுகளையும் எழுதினால் அடுத்த படியான பெர்மனென்ட் கிடைக்கும். அதில் முடிவுத் தேதியே இருக்காது. அத்தையுடையதில் "பெர்மனென்ட்", "கணிதம் 7–12", "செப்டம்பர் 1, 1996" என்று இருந்தது. அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் பெரும்பாலும் பிப்ரவரி 1 அல்லது செப்டம்பர் 1 என்றுதான் தேதி இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் காகிதத்தில் "புரொவிஷனல்" என்று மட்டும் இருந்து, அதன் தேதியும் முடிந்துவிட்டதென்றால் உங்கள் கதை வேறு. அதற்கு மாநிலக் கல்வித் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை பெர்மனென்ட் கையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

நிறுத்தியது எதை?

நம் ஊரில் 1978-ல் பிளஸ் டூ வந்ததும் பி.யூ.சி. போய்விட்டது. அதற்காக பி.யூ.சி. படித்துப் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்களை யாராவது வீட்டுக்கு அனுப்பினார்களா? இங்கே நடந்ததும் அதேதான்.

பிப்ரவரி 2, 2004-ல் நியூயார்க் மாநிலம் சான்றிதழ் முறையை மாற்றியது. அன்று முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு முதல் படி இனிஷியல், அதாவது தொடக்கச் சான்றிதழ், அப்புறம் அடுத்த படியாக புரொஃபஷனல். வகுப்பறை ஆசிரியர்களைப் பொறுத்தவரை புரொவிஷனலும் பெர்மனென்ட்டும் பழைய கணக்காகிவிட்டன. கல்வி ஆணையரின் விதித் தொகுப்பில் 80-ஆம் பகுதி இதற்கானது. பழைய முறைக்கு 80-2, புதிய முறைக்கு 80-3 என்று உட்பிரிவுகள். ஏற்கெனவே புரொவிஷனல் வைத்திருந்தவர்களுக்கு மிச்சப் படியை முடிக்க வழி விட்டிருந்தார்கள். ஆகவே 2004-க்குப் பிறகு தேதியிட்ட பெர்மனென்ட்டைப் பார்த்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்த பெர்மனென்ட் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அது பறிபோக ஒரே வழி, ஒழுக்கக் குற்றச்சாட்டில் விசாரணை நடந்து மாநிலம் ரத்து செய்வது அல்லது நிறுத்திவைப்பது. அது 83-ஆம் பகுதி. அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம்.

பாடத் தலைப்புகளும் மாறியிருக்கின்றன. பழைய சிறப்புக் கல்விச் சான்றிதழ் எல்லா வகுப்புகளையும் சேர்த்து ஒரே தலைப்பாக இருந்தது. 2004-க்குப் பிறகு அதை வயது வாரியாகப் பிரித்தார்கள். மழலை வகுப்பு முதல் 6 வரை ஒன்றாக இருந்த பழைய தொடக்கப் பள்ளிச் சான்றிதழ், இப்போது பிறப்பு முதல் 2-ஆம் வகுப்பு வரை ஒன்று, 1 முதல் 6 வரை இன்னொன்று. சொல்லப்போனால் பழசை வைத்திருப்பவருக்குத்தான் எல்லை அகலம். தலைமையாசிரியர், கண்காணிப்பாளர் பதவிகளுக்கான பழைய நிர்வாகச் சான்றிதழ்களை 2007-ல் நிறுத்தினார்கள். அவற்றிலும் பெர்மனென்ட் வாங்கியவர்களுக்கு இன்றும் அது செல்லும். "எதற்கும் இருக்கட்டும், புதுசாக மாற்றிக்கொள்ளலாமே" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

டீச் தளத்தில் உங்களைத் தேடுங்கள்

சரி, இனி கணினி முன்னால் உட்காரலாம். மாநிலக் கல்வித் துறையின் ஆன்லைன் அமைப்புக்கு "டீச்" என்று பெயர். அதில் இரண்டு வாசல்கள் உண்டு. யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடும் பொதுப் பக்கம் ஒன்று, உங்கள் சொந்தக் கணக்கு இன்னொன்று. பொதுப் பக்கத்தில் முதலில் தேடுங்கள். பள்ளி மாவட்டம் உங்களைச் சரிபார்ப்பதும் ஆன்லைன் பதிவை வைத்துத்தான். அங்கே உங்கள் பெயர் கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் காகிதத்தைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். அத்தையின் இன்றைய பெயரைப் போட்டோம், ஒன்றும் வரவில்லை. அத்தைக்கு முகம் வாடிவிட்டது. யோசித்துப் பார்த்தால், 1996-ல் அவர் பெயர் வேறு. நம் ஊரில் முன்னெழுத்தோடு நிம்மதியாக வாழ்ந்தவர், அமெரிக்கா வந்ததும் "கடைசிப் பெயர் என்ன?" என்ற கேள்விக்கு அப்பா பெயரைக் கொடுத்திருக்கிறார். முதுகலைப் பட்டமும் சான்றிதழும் அந்தப் பெயரில். பிறகு குடியுரிமை வாங்கியபோது மாமாவின் பெயரைக் கடைசிப் பெயராக மாற்றிக்கொண்டார். கல்வித் துறைக்கு அதைச் சொல்லவேயில்லை. தாத்தாவின் பெயரை நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் போட்டுப் பார்த்ததில் ஒருவழியாக ஆள் அகப்பட்டார்.

நீங்களும் இப்படித் தேட வேண்டியிருக்கலாம். அப்பா பெயர், கணவர் பெயர், முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறிய வடிவம், "எச்" விட்டுப்போனது, "ஏ" இரண்டு வந்தது என எல்லாவற்றையும் முயன்று பாருங்கள். பழைய பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டு இருந்ததோ அதுதான் பெரும்பாலும் பதிவிலும் இருக்கும்.

பெயர் கிடைத்ததும் சொந்தக் கணக்கைத் திறக்க வேண்டும். அதற்கு நியூயார்க் மாநில அரசின் பொதுவான பயனர் அடையாளம் ஒன்று வேண்டும். பிறந்த தேதியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கேட்கும். அந்த எண்ணை வைத்துத்தான் பழைய பதிவு உங்களோடு சேரும். எதுவும் பொருந்தவில்லை என்று அவசரத்தில் இரண்டாவது கணக்கு திறந்துவிடாதீர்கள், பிறகு பிரிப்பது பெரும்பாடு. பெயர் மாற்றத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது. திருமணச் சான்று, நீதிமன்ற உத்தரவு மாதிரி ஓர் ஆதாரத்தை இணைக்க வேண்டும். அத்தை குடியுரிமைச் சான்றிதழின் நகலை அனுப்பினார்.

பதிவு: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

பெர்மனென்ட் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்த கடமை இது. 2015-ல் வந்த சட்டத்தின்படி, ஜூலை 1, 2016 முதல் பெர்மனென்ட் அல்லது புரொஃபஷனல் சான்றிதழோடு மாநிலப் பொதுப் பள்ளி மாவட்டங்களிலும், பல மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் "போசெஸ்" கல்விச் சேவை மையங்களிலும் வேலை செய்பவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கல்வித் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சான்றிதழ் என்பது ஒன்று, பதிவு என்பது இன்னொன்று. வண்டி உங்களுடையதுதான், ஆனால் ரோட்டில் ஓட்ட எஃப்.சி. வேண்டும் என்கிற மாதிரி.

வேலையை விட்டு வீட்டில் இருந்த வருஷங்களுக்குப் பதிவு தேவையில்லை. 2016-ல் இதைச் செய்யவில்லையே என்று அத்தை பதறினார். அப்போது அவர் எந்தப் பள்ளியிலும் இல்லை, அதனால் தவறும் இல்லை. திரும்பிப் போகும்போது செய்தால் போதும்.

செய்யும் விதம் சுலபம். டீச் கணக்கில் நுழைந்து, ஆன்லைன் விண்ணப்பப் பகுதிக்குப் போய், பதிவுக்கான விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும். முகவரி, வேலை விவரம் சரிபார்த்தபின் குற்ற வழக்கு, ஒழுங்கு நடவடிக்கை பற்றிச் சில ஆம்–இல்லை கேள்விகள் வரும். இவற்றை வேகமாகத் தட்டிக்கொண்டு போகாமல் நின்று படித்துப் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் கடைசியில் "நான் சொன்னதெல்லாம் உண்மை" என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். கட்டணம் கிடையாது. அரசாங்க வேலையில் காசு கேட்காத பக்கத்தைப் பார்த்து அத்தை இரண்டு தடவை "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

பதிவுச் சுழற்சி உங்கள் பிறந்த மாதத்தோடு சேர்ந்தது. எப்போது முடிகிறது என்பது கணக்கிலேயே தெரியும், அதைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

நூறு மணி நேரப் பயிற்சி யாருக்கு?

புரொஃபஷனல் சான்றிதழோடு வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு ஐந்து வருஷச் சுற்றிலும் 100 மணி நேரம் தொடர் பயிற்சி முடிக்க வேண்டும். "சி.டி.எல்.இ." என்பார்கள். அதில் 15 சதவீதம், ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களின் மொழித் தேவை பற்றியதாக இருக்க வேண்டும். இருமொழிக் கல்வி ஆசிரியர்களுக்கும் பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும் அதுவே 50 சதவீதம்.

பெர்மனென்ட் மட்டும் வைத்திருக்கும் வகுப்பறை ஆசிரியருக்கு இந்த 100 மணி நேரக் கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் போதும். உங்கள் மாவட்டம் தன் ஆசிரியர்கள் எல்லோருக்கும் வைக்கும் பயிற்சி வேறு, அது வேலை ஒப்பந்தத்தோடு வருவது. பென்சில்வேனியா வேறு மாதிரி என்று சொன்னேனே, அங்கே நிரந்தரச் சான்றிதழ் இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு 180 மணி நேரம் பயிற்சி காட்ட வேண்டும்.

மேலே பொறுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். பெர்மனென்ட்டோடு கூடுதலாக ஒரு புரொஃபஷனல் சான்றிதழும் வாங்கினால் 100 மணி நேரமும் உங்கள் தலையில் ஏறிக்கொள்ளும். இரண்டாவது பாடம் எடுக்க ஆசை, அதனால் வேலை வாய்ப்பு கூடும் என்றால் தாராளமாக வாங்குங்கள். புதுப் பெயரில் ஒன்று இருந்தால் கௌரவம் என்பதற்காக மட்டும் வாங்கினால், என்னைக் கேட்டால், நஷ்டம்தான்.

கைரேகை

2001-க்கு முன்பே வேலையை விட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜூலை 1, 2001 முதல் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்களும் பள்ளிகளில் புதிதாகச் சேர்பவர்களும் கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். அத்தை 2000-லேயே விலகிவிட்டதால் அவர் ரேகை மாநிலத்திடம் இல்லவே இல்லை. சான்றிதழ் உயிரோடு இருந்தும் வேலைக்கு எடுக்க முடியாத நிலை இதனால் வரலாம். முன்பதிவு செய்து மையத்துக்குப் போய்க் கொடுக்க வேண்டும், இதற்குக் கட்டணம் உண்டு. பள்ளி திறக்கும் நேரத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அத்தையின் விரல் ரேகை மங்கியிருந்தது, கருவி இரண்டு தடவை மறுத்துவிட்டது. முந்தின நாள் இரவே கையில் கொஞ்சம் கிரீம் தடவிக்கொண்டு தூங்குவது நல்லது என்று அங்கே இருந்த பெண்மணி சொன்னார்.

மாவட்டத்திடம் பேசும்போது

"என்னிடம் பழைய சான்றிதழ் இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள், அத்தை செய்த தப்பு அதுதான். "கணிதம் 7–12, பெர்மனென்ட், பதிவு செய்திருக்கிறேன், கைரேகை முடிந்தது" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். டீச் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வந்த இளம் ஊழியர்கள் பெர்மனென்ட் என்ற சொல்லையே கேள்விப்பட்டிருக்காமல் இருக்கலாம், அதற்காக அவர்களிடம் கோபப்பட வேண்டாம்.

பெர்மனென்ட் என்றதும் வேலையும் நிரந்தரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பணி நிரந்தரம் என்பதை மாவட்டம் தனியாகத் தரும். ஜூலை 1, 2015 முதல் வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்குப் பொதுவாக நான்கு வருஷம் தகுதிகாண் காலம். முன்பு மூன்றாக இருந்தது. அத்தை அறுபதை நெருங்கும் வயதில் தகுதிகாண் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். "கல்யாணமாகி வந்த புதுசில் மாமியார் பார்த்த மாதிரி பார்க்கிறார்கள்" என்கிறார்.

வீடு மாறினால் 30 நாட்களுக்குள் கல்வித் துறைக்குப் புது முகவரி தெரிவிக்க வேண்டும். பெயர் மாறினாலும் அப்படியே. இதையும் டீச் கணக்கில் ஆரம்பிக்கலாம். பெயருக்கு மட்டும் மேலே சொன்ன படிவமும் ஆதாரமும் வேண்டும்.