அஸ்திவாரக் கம்பியே எர்த் ஆகும்: கான்கிரீட் ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை

அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையே கட்டடத்தின் எர்த்தாகப் பயன்படுத்துவதுதான் அஸ்திவார எர்த். அது தவறிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எலெக்ட்ரீஷியன் வந்து சேர்வதற்குள் கான்கிரீட் இறுகிவிடுகிறது. அமெரிக்காவின் என்.இ.சி. மின் விதித்தொகுப்பு, 2005 பதிப்பிலிருந்து இதை விருப்பத்துக்கு விடவில்லை. புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் தகுதியான கம்பி இருந்தால், பிரிவு 250.50-இன்படி அதை எர்த்திங் அமைப்போடு இணைத்தே ஆக வேண்டும். கான்கிரீட்டை உடைக்காமல் கம்பியை எட்ட முடியாத பழைய கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தகுதி எது என்பதைப் பிரிவு 250.52 சொல்கிறது. கம்பியின் விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நீளம் குறைந்தது 20 அடி. சுற்றிலும் 2 அங்குலக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அந்தக் கான்கிரீட் மண்ணை நேரடியாகத் தொட வேண்டும். ஒரே துண்டாக 20 அடி தேவையில்லை. துண்டுகளை வழக்கமான கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டினாலே செல்லும். துத்தநாகம் பூசிய கம்பியும் செல்லும். எபாக்சி பூசியது செல்லாது, அந்தப் பூச்சு மின்சாரத்தைத் தடுத்துவிடும். இரும்புக்குப் பதிலாக 4 ஏ.டபிள்யு.ஜி. (ஒயர் தடிமனுக்கான அமெரிக்க அளவு) அளவுள்ள உறையில்லாத செம்புக் கம்பியையும் போடலாம். 20 அடி என்பது கான்கிரீட்டுக்குள் கிடக்கும் நீளம். பேனலுக்கு, அதாவது கட்டடத்தின் மின் பெட்டிக்கு, போகும் மிச்சம் கணக்கில் வராது. செம்புக் கம்பியை நீட்டிப் போடுங்கள். ஒரு மூலையில் சுருட்டி வைத்தால் மண்ணோடு தொடர்புள்ள பரப்பு குறைந்துவிடும்.

கான்கிரீட் எப்படி மின்சாரத்தைக் கடத்தும் என்ற சந்தேகம் நியாயமானதே. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் காரத்தன்மையுள்ள பொருள் அது. அந்த ஈரத்தில் கரைந்த அயனிகள்தான் மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அரிசோனாவின் வறண்ட மண்ணில் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு இந்த வழியைக் கையாண்டவர் ஹெர்பர்ட் யூஃபர். இன்றும் இதற்கு யூஃபர் கிரவுண்ட் என்றே பெயர்.

ஈரம்தான் உயிர் என்பதால், ஃபூட்டிங்குக்கும் (அஸ்திவாரத்தின் அடிப்பகுதி) மண்ணுக்கும் நடுவே பிளாஸ்டிக் விரிப்போ வெப்பக்காப்புப் பலகையோ வந்தால் அந்தக் கம்பி எலெக்ட்ரோடாக, அதாவது மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும் முனையாக, கணக்கில் வராது. தரைத் தளத்துக்கு அடியில் மட்டும் விரிப்பு இருந்து, ஃபூட்டிங் மண்ணைத் தொட்டால் சிக்கல் இல்லை. விரிப்பு எங்கே முடிகிறது என்று குழியில் இறங்கியே பாருங்கள், வரைபடத்தை நம்ப வேண்டாம்.

கம்பி கட்டும் நாளன்றே, பேனல் வரவிருக்கும் சுவருக்கு நேராக ஒரு கம்பியை ஃபூட்டிங் கம்பியோடு சேர்த்துக் கட்டி மேலே எழுப்பிவிடுங்கள். அது வெளிவரும் இடம் துருப்பிடிக்காத உலர்ந்த உட்புறமாக, பிற்பாடும் கை எட்டும்படி இருக்கட்டும். மண்ணுக்குள் வழியாக வெளிவந்தால் சீக்கிரமே அரித்துவிடும். நுனியில் தெரியும்படி ஓர் அடையாளம் கட்டுங்கள். இல்லாவிட்டால் வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறதென்று யாராவது அறுத்துப் போடுவார்கள். இது அடிக்கடி நடக்கிறது.

கம்பித் துண்டுகளுக்குப் போதுமான கட்டுக்கம்பி, எர்த் ஒயரை இணைக்கப் போதாது. அங்கே ரீபாருக்கென்று (கான்கிரீட்டுக்குள் போடும் இரும்புக் கம்பி) சான்று பெற்ற கிளாம்பு வேண்டும். இணைப்பு கான்கிரீட்டுக்குள் புதையுமானால், புதைப்பதற்கும் சான்று பெற்ற கிளாம்பாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கான சாதாரண கிளாம்பைப் போட்டு ஆய்வில் மாட்டுபவர்கள் அதிகம். ஆய்வாளர் பார்த்த பிறகே கான்கிரீட் வண்டியை வரச்சொல்லுங்கள்.

இந்த எலெக்ட்ரோடுக்கு மட்டும் போகும் ஒயர், சர்வீஸ் (கட்டடத்துக்கு வரும் மின் இணைப்பு) எவ்வளவு பெரிதானாலும், 4 ஏ.டபிள்யு.ஜி. செம்பைவிடத் தடிமனாக இருக்கத் தேவையில்லை. அதே ஒயர் நீண்டு தண்ணீர்க் குழாய்க்கும் போனால் இந்தச் சலுகை போய்விடும். அப்போது அட்டவணை 250.66 சொல்லும் அளவுதான். ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டால் குழாயின் இரு முனைகளையும் ஒயரோடு இணைக்க வேண்டும், இல்லையேல் கோளாறு மின்னோட்டத்தைக் குழாயே நெரிக்கும். பி.வி.சி. குழாயில் இந்தத் தொல்லை கிடையாது.

ஒற்றை எர்த் ராடுக்கு (மண்ணில் அடிக்கும் உலோகத் தண்டு) உள்ள, மின்தடை 25 ஓமுக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனை இதற்கு இல்லை. துணைக்கு ராடு அடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ராடு, மண்ணில் 10 அடிக்குக் குறையாமல் புதைந்த உலோகத் தண்ணீர்க் குழாய் போன்றவை ஏற்கெனவே அங்கே இருந்தால், எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும்.