தகரம் வெட்ட என்ன வாங்கலாம், எதுக்கு சும்மா காசு கொட்டத் தேவையில்ல

மாரி தொடங்க முதல் கூரைக்கு சீட் மாத்துறது, பீலி போடுறது, கோழிக்கூட்டுக்கு தகரம் அடிக்கிறது எண்டு எல்லா வேலையும் ஒண்டா வந்து நிக்கும். அந்த நேரம் ஹாட்வெயாருக்குப் போனா கடைக்காரர் முதல் எடுத்து வைக்கிறது டிஸ்க் சுத்தி வெட்டுற கிரைண்டரத்தான், நாமளும் இது இருந்தா எல்லாத்தையும் வெட்டலாம் எண்டு வாங்கிட்டு வந்திருவம். வெட்டும், பொய்யில்ல. ஆனா கூரை சீட்டுக்கும் பீலிக்கும் அது தேவையில்ல, சொல்லப்போனா பாவிக்கவே கூடாது, ஏனெண்டு கீழ சொல்றன்.

முதல்ல தகடு என்ன தடிப்பு எண்டு பாருங்க. கேஜ் நம்பர் கூடக்கூட தகடு மெல்லிசு. 26 கேஜ் எண்டா அரை மில்லிமீட்டருக்குக் கிட்ட, 22 எண்டா 0.7, 18 எண்டா 1.2 மில்லிமீட்டர் அளவு வரும். வீட்டு வேலைக்கு வாற தகரம் முக்கால்வாசி 1 மில்லிமீட்டருக்குக் கீழதான், அதுக்கெல்லாம் கைக்கத்திரி காணும்.

கத்திரியில ஸ்பிரிங் வச்சு கலர் பிடி போட்ட வகையைத்தான் கேட்டு வாங்கணும், பழைய நீட்டுக் கத்திரியை விட கையில நோவு குறைவு. பிடியிர கலர் வடிவுக்குப் போட்டதில்ல: மஞ்சள் நேரா வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைச்சு வெட்ட, பச்சை வலப்பக்கம் வளைச்சு வெட்ட. மூண்டையும் செட்டா வாங்கச் சொல்லி கடையில சொல்லுவாங்க, அவசரப்படாதீங்க. சிவப்பும் பச்சையும் நேராவும் வெட்டும், அதால அது ரெண்டும் இருந்தா மஞ்சள் இல்லாட்டியும் வேலை ஓடும். ஒண்டுக்குத்தான் காசு இருக்கெண்டா மஞ்சள வாங்குங்க, பீலிக்கும் சீட்டுக்கும் அது போதும். இந்த வகைக் கத்திரி சாதாரண இரும்புத் தகடெண்டா 18 கேஜ் வரைக்கும் வெட்டும், ஸ்டெயின்லெஸ் எண்டா 22 கேஜோட நிப்பாட்டுங்க, இல்லாட்டி வாய் உடைஞ்சிரும்.

மலிவுச் சாமானில நல்லது இருக்கு, குப்பையும் இருக்கு, பெட்டியில இருக்கிற பெயரைப் பாத்து ஒண்டும் தெரியாது. கடையிலயே கத்திரியை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, ரெண்டு அலகுக்கும் நடுவால வெளிச்சம் அகலமா தெரிஞ்சா அது தகரத்தை வெட்டாது, மடிச்சு உள்ள இழுக்கும். மறுகா பில் எழுதுற பேப்பர் ஒண்டு கேட்டு நுனியால வெட்டிப் பாருங்க, நுனி பேப்பரைக் கடிச்சுக் கிழிச்சா திருப்பிக் குடுத்திருங்க. நடு ஆணி இறுக்கிற மாதிரி நட் போட்டதா இருக்கணும், ரிவெட் அடிச்சு மூடினது எண்டா லூஸானதுக்குப் பிறகு தூக்கி எறியிறதுதான்.

வெட்டக்குள்ள ஒவ்வொரு தரமும் வாயை முழுசா மூடாதீங்க. நுனி சேர கொஞ்சம் முன்னால நிப்பாட்டி திறந்து முன்னுக்குத் தள்ளணும், முழுசா மூடினா அந்தந்த இடத்தில சின்னச் சின்ன பல் மாதிரி முள்ளு வந்து நிக்கும், கையைக் கிழிக்கிறது அதுதான். தடிப்பான கிளவுஸ் போடுங்க, ஏற்பு ஊசி போட்டு கனகாலம் எண்டா அதையும் ஒருக்கா பாத்துக்கொள்ளுங்க.

இப்ப கிரைண்டர் கதை. சீட்டைக் காப்பாத்துறது மேல பூசியிருக்கிற சிங்க் பூச்சு. டிஸ்க் போட்டு வெட்டக்குள்ள வாற சூட்டில வெட்டுற ஓரத்து பூச்சு எரிஞ்சு போயிரும், பறக்கிற நெருப்புப்பொறி கலர் பெயின்டில போய் ஒட்டி ஒவ்வொண்டும் ஒரு கறள் புள்ளியா மாறும். மட்டக்களப்பில கல்லடி, காத்தான்குடி பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காத்து சும்மா விடுமா? கறள் கெதியா பிடிச்சிரும். பொறி கிடுகு வேலிப் பக்கம் போனா அது வேற கதை. அதால கிரைண்டரை ஆங்கிள் இரும்பு, பைப், 1.5 மில்லிமீட்டருக்கு மேல உள்ள தகடு, இதுகளுக்கு வச்சுக்கொள்ளுங்க. வாங்கிறதெண்டா 4 இஞ்சி காணும், 16 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள டிஸ்க் லேசா எடுக்கலாம், வெட்டுறதுக்கு 1 மில்லிமீட்டர் மெல்லிசு டிஸ்க் போடுங்க, தடிப்பான டிஸ்க் தேய்க்கிறதுக்கு. மூடியைக் கழட்டிட்டு பெரிய டிஸ்க் மாட்டுற ஆக்கள் இருக்காங்க, அவங்களப் பாத்துப் பழகாதீங்க. அலுமினியத்துக்கு சாதாரண இரும்பு டிஸ்க் போட்டா அடைச்சுக்கொள்ளும், மெல்லிசு அலுமினியத் தகடெண்டா கத்தியால ரெண்டு மூண்டு தரம் ஆழமா கீறி முன்னும் பின்னும் மடிச்சாலே முறியும்.

டிரில் ஏற்கெனவே வீட்டில இருக்கெண்டா அதில மாட்டி தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு வெட்டுற நிப்ளர் ஒண்டு வாங்கலாம், வளைவான சீட்டையும் சூடில்லாம வெட்டும், விலையும் தாங்கலாம். ஒரே குறை, பிறை மாதிரி குட்டித் துண்டா கொட்டும், செருப்பில்லாம நடந்தா காலில ஏறும், வேலை முடிய காந்தத்தால பொறுக்குங்க. ஹெக்சோவால, அதான் இரும்பு அறுக்கிற கைவாளால, தகரம் வெட்டுறதெண்டா பிளேட் இஞ்சிக்கு 32 பல்லு உள்ளதா எடுத்து, தகட்டை ரெண்டு பலகைக்கு நடுவில இறுக்கிட்டு பலகையோட சேத்து அறுக்கணும், இல்லாட்டி பல்லெல்லாம் போயிரும்.

ஆறடி எட்டடி நீளத்தில 1 மில்லிமீட்டருக்கு மேல உள்ள தகட்டை நேரா வெட்டணும் எண்டா ஒண்டும் வாங்காதீங்க, தகடு வெட்டுற மெஷின் இருக்கிற பட்டறைக்கு அளவைக் குடுத்து வெட்டி எடுங்க, மடிச்சும் தருவாங்க.

அளவு குறிக்கிறதுக்கு பென்சில் வேணாம், சிங்க்-அலுமினியம் பூசின சீட்டில பென்சில் கோடு போட்ட இடத்தில பூச்சு அரிக்கும், மார்க்கர் பாவியுங்க. வெட்டின துரும்பை அண்டைக்கே தும்புத்தடியால கூட்டி எடுத்துட்டு, வெட்டின ஓரத்துக்கு சிங்க் பெயின்ட் ஒரு கோட் அடிச்சு விடுங்க.