கொளத்தூர் நீர்ச்செடியில் வந்த அட்டை: அதன் கரு வளர்வதைப் பார்ப்பது எப்படி?

சென்னையின் கொளத்தூருக்கு வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள் கூடவே ஒரு கட்டு நீர்ச்செடியும் வாங்கி வருவார்கள். அந்தச் செடியின் அடியிலையில் ஒட்டிக்கொண்டு சில சமயம் ஒரு குட்டி அட்டையும் வந்துவிடும். மீன் வளர்ப்பவர்கள் அதைக் கண்டதும் நசுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. ஒரு முட்டையிலிருந்து உடல் எப்படி உருவாகிறது என்பதை வீட்டு மேசையில் பார்க்க இதைவிட நல்ல உயிர் எனக்குத் தெரியவில்லை.

கோழி முட்டையை உடைத்தால் கரு கலைந்துவிடும். இந்த அட்டையின் முட்டையோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதன் முதல் செல்கள் பெரியவை; பிரியும் முறை ஒவ்வொரு கருவிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே செல்களுக்குப் பெயர் வைத்து, வம்சாவளி எழுதலாம். 1878இல் அமெரிக்க விலங்கியலாளர் சார்லஸ் ஓட்டிஸ் விட்மன், இது சேர்ந்த கிளாசிபோனிட் குடும்பத்து அட்டை ஒன்றை வைத்துத்தான் அந்த வேலையைத் தொடங்கினார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1978இல், கலிபோர்னியாவின் பெர்க்லியில் வைஸ்பிளாட், சாயர், ஸ்டென்ட் ஆகிய ஆய்வாளர்கள் அட்டைக் கருவின் ஒரே ஒரு செல்லுக்குள் ஒரு நொதியை ஊசியால் செலுத்தினார்கள். அந்தச் செல்லின் வாரிசுகள் உடலில் எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன என்பது நிறமாகத் தெரிந்தது. ஊசி நம் கையில் இல்லை. கண் இருக்கிறது, தொடங்க அது போதும்.

முதல் படி: சரியான அட்டையைக் கண்டுபிடித்தல்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படித்த கால்நடை அட்டை இதற்கு உதவாது. அது ஈரமண்ணில் கூடு வைத்து முட்டையிடும். நாம் அருகிலிருந்து பார்க்க முடியாது. நமக்கு வேண்டியது நத்தை தின்னும் தட்டையான சிறிய அட்டை, கிளாசிபோனிட் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தொட்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். நீந்தாமல் ஊர்ந்தே போகும். இதன் முட்டைகள் தாயின் வயிற்றுப் பக்கத்தில் மெல்லிய பைகளில் ஒட்டியிருக்கும். ‘தாய்’ என்று வசதிக்காகச் சொல்கிறேன். அட்டைகள் இருபால் உயிரிகள்.

செடிக் கடையில் தொட்டி கழுவும் நேரத்தில் போய், அடியில் தங்கும் நத்தையும் குப்பையும் கொஞ்சம் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். ஓட்டேரி நல்லாவிலோ பக்கிங்காம் கால்வாயிலோ தேட இறங்க வேண்டாம், அது சாக்கடை நீர். புழல் ஏரி நம் குடிநீர், அங்கும் கை வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: வீடு அமைத்தல்

‘அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும்’ என்பார்கள். பழமொழியைச் சொன்னவர் அட்டையை நன்றாகக் கவனித்திருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு காய்ந்த இலைகளைப் போடாவிட்டால் அது ஒளிய இடம் தேடி விளிம்பேறி வெளியே போய்விடும். குழாய் நீரை வாளியில் திறந்து வைத்து, இரண்டு நாள் கழித்துப் பயன்படுத்துங்கள், குளோரின் போய்விடும். சிறு நத்தைகளையோ ரத்தப் புழுக்களையோ இரையாகக் கொடுத்து, மீதியை அன்றே எடுத்துவிடுங்கள்.

வெப்பம்தான் பெரிய எதிரி. ஆய்வகங்களில் இவற்றை 25 டிகிரியை ஒட்டி வளர்ப்பார்கள். வியாசர்பாடியில் மே மாதப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படியில் வைத்திருந்த என் முதல் கருக்கள் எல்லாம் ஒரே பிற்பகலில் வெளுத்துச் சிதைந்துபோயின. இப்போது ஈரமணல் பரப்பிய மண்தட்டின் மேல் கிண்ணத்தை வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

மூன்றாம் படி: முட்டைகளைப் பிரித்தல்

தினமும் காலையிலும் இரவிலும் கிண்ணத்தைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். தாயின் வயிற்றில் வெளிர்நிற மணிகள் தெரிந்தால் உடனே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாயை மெல்லப் புரட்டி, மிருதுவான ஓவியத் தூரிகையால் ஒரு பையை மட்டும் தள்ளி எடுத்து, வேறு சிறு தட்டில் சுத்தமான நீரில் விடுங்கள். மற்றவை தாயிடமே இருக்கட்டும். பிரித்த கருக்கள் தனியாகவே வளரும், ஆனால் நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். இறந்த கருவை அன்றே எடுக்காவிட்டால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும்.

நான்காம் படி: எதைப் பார்ப்பது

கரு உணவு (கோழி முட்டையின் மஞ்சள்கரு போன்றது) நிறைந்திருப்பதால் முட்டைக்குள் ஒளி ஊடுருவாது. கீழிருந்து விளக்குப் போட்டால் வெறும் கருப்பு வட்டம்தான் தெரியும். தட்டின் அடியில் கருப்புத் தாளை வைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் தொடக்கப் பிரிவுகள் தெரியும். நகை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் லென்சே போதும். பழைய வண்ணாரப்பேட்டையில் நகைக் கடைகளுக்கா பஞ்சம்! பிற்கால நிலைகளுக்குக் கல்லூரி ஆய்வகத்தின் இருகண் நுண்ணோக்கி கிடைத்தால் நல்லது.

இந்தக் குடும்பத்தின் ஹெலோப்டெல்லா வகை அட்டைகளில், முட்டையிட்டுச் சுமார் நான்கு மணி நேரத்தில் முட்டை முதல் முறை இரண்டாகப் பிரியும். இரண்டும் சம அளவு இல்லை! பெரிய செல்லுக்குள் கரு உணவு கலக்காத வெண்மையான ஒரு பகுதி சேர்ந்திருக்கும். அடுத்த பிரிவில் அந்தச் சொத்து முழுவதும் நான்கில் ஒரு செல்லுக்கே போகிறது. அதற்கு D என்று பெயர். உடலின் கண்டங்கள், அதாவது வரிசையாக அமைந்த உடல் துண்டுகள் எல்லாம், இந்த D செல்லின் வாரிசுகளிலிருந்து வருபவை.

D மேலும் பிரிந்து, இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என்று பத்துப் பெரிய செல்களைத் தரும். டெலோபிளாஸ்ட் என்பார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மணிக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு செல்களை வரிசையாக வெளியே தள்ளும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வாசலிலிருந்து பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தது உடலின் முன்பகுதிக்கு, கடைசியாக வந்தது வாலுக்கு. இரு பக்க வரிசைகளும் முட்டையின் மேல் நகர்ந்து, வயிற்றுப் பக்க நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஒட்டும். இதைப் பார்க்க நான் தூக்கத்தை விட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு செல்லின் விதியும் பிறப்பிலேயே எழுதப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்துக்கு ஐந்தில் இரண்டு டெலோபிளாஸ்ட்களுக்கு O/P என்று ஒரே பெயர். அவற்றின் வரிசைகளில் எது O வேலையைச் செய்யும், எது P வேலையைச் செய்யும் என்பதை அவை போய்ச் சேரும் இடமே தீர்மானிக்கிறது. P வரிசையை அழித்துவிட்டால் O வரிசை அதன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

ஐந்தாம் படி: எண்ணுதல்

வளர்ந்த குஞ்சின் வெளிவளையங்களை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். இந்தக் குடும்பத்தில் நடுவுடலின் ஒரு கண்டத்துக்கு மூன்று வளையங்கள். ஒளி ஊடுருவும் இளம் குஞ்சின் வயிற்றுப் பக்கத்தில் மணிமாலைபோல ஓடும் நரம்புத் திரள்களை எண்ணுங்கள். தலையில் இணைந்த 4, நடுவில் 21, வால் உறிஞ்சியில் இணைந்த 7: மொத்தம் 32. சில பாடநூல்களில் 33 என்று இருக்கும். நரம்புத் திரள்களை வைத்து எண்ணினால் 32தான். மண்புழுவின் கண்டங்கள் நூறைத் தாண்டலாம், எண்ணிக்கையும் மாறும். அட்டையில் அது மாறுவதே இல்லை. ஆனாலும் மண்புழுக் கிளையிலிருந்து பிரிந்து வந்ததுதான் அட்டை. மீனுக்குப் போடும் டியூபிஃபெக்ஸ் புழுவின் கருவிலும் டெலோபிளாஸ்ட்கள் உண்டு.

நம் முதுகெலும்பும் துண்டு துண்டானதுதான். ஆனால் நம் கருவில் அந்தத் துண்டுகள் ஒரு பெரிய செல் வரிசையாகப் பெற்றுத் தள்ளியவை அல்ல. ஒரு திசுப் பட்டை, செல்களுக்குள் அடிக்கும் கடிகாரத் தாளத்துக்கு ஏற்பப் பகுதி பகுதியாக வெட்டுப்படுகிறது. முடிவில் ஒன்றுபோலத் தெரியும் இரு உடல்கள் உருவாகும் விதத்தில் இவ்வளவு வேறுபடலாம் என்பதால்தான், பரிணாம உறவைத் தேடுகிறவர்கள் வளர்ந்த உடலோடு நிற்காமல் கருவையும் பார்க்கிறார்கள்.

வேலை முடிந்ததும் அட்டைகளை ஏரியில் விடாதீர்கள். தொட்டிச் செடியோடு வந்தது வெளிநாட்டு இனமாகவும் இருக்கலாம். குஞ்சுகளைத் தாயோடு சேர்த்து வளருங்கள். சில ஹெலோப்டெல்லா இனங்களில் தாயே இரை பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும்.

ஆறாம் படி: நத்தையின் முட்டையையும் பாருங்கள்

தொட்டிக் கண்ணாடியில் நத்தை முட்டையிட்டு ஒட்டிவைத்திருக்கும் ஜெல்லியைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். முட்டை மிகச் சிறியது, நுண்ணோக்கி வேண்டும். நான்கு செல் நிலையில் குளத்து நத்தையின் நான்கு செல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அட்டையில் D மட்டும் பெருத்திருக்கும். ஆனால் அடுத்த பிரிவில் இரண்டிலும் மேலே நான்கு சிறு செல்கள் தோன்றி, கீழுள்ள செல்களின் இடைவெளிகளில் சற்றே திருகினாற்போல் அமரும். இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் பென்சிலால் வரைந்து, A, B, C, D என்று குறியுங்கள். ஒன்று மற்றொன்றைத் தின்று வாழ்கிறது. உடல் கட்டத் தொடங்கும்போது இரண்டும் ஒரே பழைய பிரிவு முறையையே பின்பற்றுகின்றன.